ஓடையைக் கூட்டிப் பெருக்கிய நாள்

கரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

உங்கள் நடுவில் வந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கூட்டத்தில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையை என் மருமகள் திருத்தியிருக்கிறாள். விஷயம் மட்டும் என்னுடையது.

நாற்றை எவ்வளவு ஆழத்தில் நடுவது, கரை மண்ணை எப்படி மிதிப்பது என்பதெல்லாம் இரண்டு நாளில் உங்கள் கைகாலுக்குப் பழகிவிடும். அதை எழுதி என்ன ஆகப்போகிறது? நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அதனால் பதினோரு குடும்பத்துக்கு இருக்க இடமில்லாமல் போயிருக்கும்.

நீங்கள் இப்போது இறங்கி வேலை செய்கிற ஓடை சில வருஷத்துக்கு முன்னால் இந்த இடத்தில் இல்லை. இப்போது லாரிகள் போகிற ரோடு இருக்கிறதே, அங்கேதான் ஓடியது. மேல் ஏரியில் மிஞ்சுகிற தண்ணீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரோட்டை அகலப்படுத்த அந்த இடம் வேண்டியிருந்தது. அதனால் பக்கத்திலேயே புது ஓடை வெட்டி, தண்ணீரையும் அதில் இருக்கிற மீன், ஆமை, நத்தை எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டுப் பழையதை மூடுவதாக ஏற்பாடு.

பழைய ஓடைக் கரையில் பதினோரு இருளர் குடும்பங்கள் இருந்தன. தார்ப்பாய் போட்ட குடிசைகள். பட்டா கிடையாது. மூன்று தலைமுறையாக அந்த ஓடையில் கைபோட்டு மீன் பிடித்து, வரப்பில் எலி பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களைக் கேட்காமல் ஓடையைத் தொடக்கூடாது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஓடையை எப்படி மாற்றுவது என்று அவர்கள் வழி சொல்ல வேண்டும். மாற்றி முடிந்ததும் புதுக் கரையில் அவர்களுக்கு மனை கிடைக்கும், ஓடையைப் பராமரிக்கும் வேலையும் கிடைக்கும். புது ஓடையில் தண்ணீர் திருப்புகிற அன்றைக்கே பேப்பரில் கையெழுத்து என்று பேச்சு.

அந்தப் பதினோரு குடும்பத்துக்கும் முன்னால் நின்றவர் கன்னியம்மா. உங்களுக்கு அவரைத் தெரியும், இந்தக் குழுவின் தலைவி. அன்றைக்கு எங்களுக்கு அவர் வெறும் 'ஏய்'தான். அப்படித்தான் கூப்பிட்டோம். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் பதினான்கு பேர் ஒரு செட்டு. கரையான்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவோம். நான் மேஸ்திரி. முப்பது வருஷம் சித்தாளாக இருந்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தவள். கட்டட வேலையில் எங்கள் செட்டுக்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் இழைத்த தரையில் ஒரு மேடு பள்ளம் இருக்காது, ஒரு துளி சிமென்ட் காய்ந்து கிடக்காது. வேலை முடிந்த இடத்தைக் கூட்டாமல் நாங்கள் வீட்டுக்குப் போனதே கிடையாது. இந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

புது ஓடையை வெட்டும்போது இன்ஜினியர் கன்னியம்மாவைக் கூட அழைத்துக்கொண்டு நடப்பார். மதுரைப் பக்கத்துப் பையன், வானகரத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார், தன்மையான மனிதர். அவர் போனில் படத்தை வைத்துக்கொண்டு, "இங்கருந்து நேரா அங்க போயிரும்" என்று காட்டினார். கன்னியம்மா போனைப் பார்க்கவே இல்லை.

"ஏன் தம்பி, தண்ணி உன் போனப் பாத்துகினா போவும்? அது குடிகாரன் மாரி. நேரா போன்னா போவாது. ஒட்சிகினு தான் போவும். நீயே வளச்சி உட்டுடு, சண்ட இல்ல."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஆனால் கன்னியம்மா சொன்ன இடத்திலெல்லாம் ஓடையை வளைத்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பழைய கரையின் ஒரு முனையை இடிக்கும்போது ஒரு பெரிய புங்கமரம் விழுந்தது. அதன் வேர்க்கட்டை, கிளைகள், இன்னும் கருவேலங்கட்டை, பாறைக்கல், உடைந்த பானை எல்லாவற்றையும் கன்னியம்மாவும் அவர் ஆட்களும் இழுத்துவந்து புது ஓடையின் வளைவுகளில் போட்டார்கள். பார்த்தால் குப்பைமேடு மாதிரி இருந்தது. எங்கள் செட்டில் ரேவதி என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது.

"இன்னாடி இது, ஓடைய வெட்டிட்டு அதுலயே வெறகு மண்டி வெச்சிட்டீங்க?"

"மீனுக்கு ஊடு" என்றார் கன்னியம்மா.

"உனுக்கே ஊடு இல்ல, மீனுக்குக் கட்றியா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கன்னியம்மா அடுத்த கட்டையை இழுக்கப் போய்விட்டார்.

மாசி மாதம் வந்தது. மாசிப் பௌர்ணமிக்கு இருளர் ஜனங்கள் எங்கே இருந்தாலும் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கடலில் இருக்கிற கன்னியம்மாதான் அவர்களுக்குச் சாமி. அந்தப் பெயர்தான் இவருக்கும். பதினோரு குடும்பமும் குழந்தை குட்டி, பானை சட்டி, சமைக்கக் கொஞ்சம் விறகு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போவில் கிளம்பிப் போனார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் விடிவதற்குள் திரும்பிவிடுவோம், அன்றைக்கே மீனை மாற்றலாம் என்று கன்னியம்மா சொல்லியிருந்தார்.

பௌர்ணமி அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் வந்தார். "மேஸ்திரியம்மா, நாளைக்குத் தண்ணி தெறக்கப் பெரிய ஐயா வர்றாரு. இடம் கண்ணாடி மாரி இருக்கணும். ஒரு தூசு கண்ணுல படக்கூடாது" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். கட்டைகளை எடு என்று அவர் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. வளைவில் கிடந்த வேர்க்கட்டையை நான் பார்த்தேன். மீனுக்கு வீடு என்று கன்னியம்மா சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் பொய். நினைவிருந்தும், அது ஏதோ அவர்கள் பழக்கத்துக்குச் செய்தது, பெரிய அதிகாரி கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்தேன். போன் போட்டு இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்வதா என்று கூச்சம்.

"தூக்குங்கடி" என்றேன்.

தூக்கினோம். கல்லையெல்லாம் கரைக்கு அந்தப் பக்கம் கொட்டினோம். மேடு பள்ளத்தை நிரவினோம். கடைசியில் தென்னந்துடைப்பம் எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஓடையைக் கூட்டிப் பெருக்கினோம். ஆமாம், ஓடையைத்தான். சாயங்காலம் கரையில் நின்று பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

கட்டைகள் வீணாகப் போவானேன் என்று ஆளுக்கொரு சுமை கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். என் பங்கு வேர்க்கட்டை. வெந்நீர் அடுப்புக்கு ஒரு மாசம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கன்னியம்மாவின் ஆட்கள் கடற்கரையிலிருந்து நேராகப் பழைய ஓடைக்குப் போய் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் வற்றித் தேங்கிய குட்டைகளில் கைபோட்டுத் தடவித் தடவி மீனைப் பிடித்து நீல டிரம்களில் விட்டார்கள். ஒன்பது மணிக்கு ஏரி மதகைத் திறந்து புது ஓடையில் தண்ணீர் விட்டார்கள். பெரிய அதிகாரி வந்திருந்தார். மரத்தடியில் மேசை போட்டு, கையெழுத்துப் போட வேண்டிய பேப்பரை வைத்திருந்தார்கள். டிராக்டர் ஆறு டிரம்மைக் கொண்டுவந்து கரையில் இறக்கியது.

கன்னியம்மா கரையேறி முதல் டிரம்மில் கை வைத்தார். கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எறக்காதீங்கடா" என்றார். "யாரும் மீன எறக்காதீங்க."

தண்ணீர் ஒரே வேகத்தில், தடுக்க ஒன்றுமில்லாமல், வாசல் தெளித்த தண்ணீர் ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அதில் மீனை விட்டால் ஒதுங்க ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. அடித்துக்கொண்டுபோய், ஓடை முடிகிற இடத்தில் கட்டியிருந்த கம்பிவலையில் நசுக்கிவிடும். நிழலும் இல்லை, கொக்குகள் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தக் குப்பைமேடு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்ஜினியர் ஓடிவந்தார். "கட்டையெல்லாம் எங்க? ஒண்ணுகூட இல்லையே! யாரு எடுத்தா?"

சூப்பர்வைசர் முகம் வெளுத்துப்போனது. பெரிய அதிகாரி வேறு பக்கத்தில் நிற்கிறார். "இவங்கதான் சார்" என்றார், கன்னியம்மாவைக் காட்டி. "திருவிழாக்குப் போறப்ப டெம்போல வெறகு ஏத்திகினு போனாங்க. எல்லாரும் பாத்தாங்க."

அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிள்ளை குட்டிக்காரர், வேலை போய்விடும் என்ற பயம். பயத்தில் கைக்குக் கிட்டியதைப் பிடித்துக்கொண்டார். இருளர் மேல் திருட்டுப் பட்டம் சொன்னால் ஏன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பெரிய அதிகாரி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "வேலை முடியறதுக்கு முன்னாடியே இப்படின்னா, இவங்ககிட்ட ஓடைய எப்படி ஒப்படைக்கறது? இத விசாரிச்சிட்டு அப்பறம் பார்க்கலாம்." பேப்பரை மடித்துப் பைலுக்குள் வைத்தார்.

அந்தப் பைலுக்குள் பதினோரு வீடு போய்விட்டது. பழைய கரையில் மிச்சமிருந்ததையும் அந்த வாரமே இடித்துவிடுவார்கள். புதுக் கரையில் மனை இல்லையென்றால் அவர்கள் போக வேறு இடம் கிடையாது.

கன்னியம்மா அழவில்லை, கத்தவில்லை. கரையோரம் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எலி எந்த வளையில் போனது, பாம்பு எந்தப் பக்கம் ஊர்ந்தது என்று தடம் பார்த்தே சொல்கிறவர்கள் அவர்கள். கட்டையை இழுத்த கோடு, பக்கத்தில் காலடிகள், எல்லாம் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தை நோக்கிப் போயின. ஒரு காலடித் தடத்துக்குப் பக்கத்தில் நின்றார். சின்ன வயதில் கருங்கல் விழுந்து என் இடது கால் கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அவர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு எடுத்தாங்கனு எனுக்குத் தெரியும் சார்" என்றார் அதிகாரியிடம். "நா சொல்லமாட்டேன். முதல்ல மீனப் பாருங்க, வெயிலு ஏறிகினே கீது."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ரேவதி என் இடுப்பைக் கிள்ளினாள். "யக்கா, வாயத் தொறந்த, செத்தோம். மொத்த செட்டயும் தூக்கிடுவாங்க." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதினான்கு பேர் வீட்டு அடுப்பு எரிவது இந்த வேலையில்தான்.

என் பக்கத்தில் ஒரு டிரம் இருந்தது. கெண்டை மீன்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விராலும் குரவையும் தாங்கும், கெண்டை தாங்காது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்று சாய்ந்தது.

"சார்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் "சார்" என்றேன். சூப்பர்வைசர் மட்டும் திரும்பிப் பார்த்து, "நீ போய் அந்தாண்ட நில்லு" என்றார். என் கையிலிருந்த இரும்புச் சட்டி கீழே விழுந்தது. போட்டேனா, விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பைப் குவியல் மேல் விழுந்து பெரிய சத்தம். எல்லாரும் திரும்பினார்கள்.

"நாங்கதான் சார்" என்றேன். "நாங்கதான் கூட்டிட்டோம். கட்டையெல்லாம் எங்க ஊட்ல கீது. நாந்தான் தூக்கச் சொன்னேன். அவங்க மேல தப்பே இல்ல."

"கூட்டினீங்களா?" என்றார் பெரிய அதிகாரி. "எத?"

"ஓடைய சார்."

யாரோ சிரித்தார்கள். அடுத்து இன்னும் இரண்டு பேர். கன்னியம்மா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பறம் சிரிக்கலாம். தம்பி, மதகப் பாதி எறக்கச் சொல்லு. மறைவு வோணும், நெழலு வோணும், இப்பவே வோணும். கட்ட கீதா, கல்லு கீதா, இன்னா கீது உங்ககிட்ட?"

வீட்டுக்குப் போய்க் கட்டையை எடுத்துவர நேரமில்லை. எங்களிடம் இருந்தது ஒன்றுதான். நாங்கள் சோறு சாப்பிட, கொஞ்சம் கால் நீட்ட, கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க ஒரு கொட்டகை போட்டிருந்தோம். சவுக்குக் கட்டை நட்டு, மேலே தென்னங்கீற்று. அதை முதலில் பிடுங்கியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? என்னைக் கிள்ளினாளே, அந்த ரேவதி. "இன்னாத்தப் பாத்துகினு கீறீங்க, இழுங்கடி!" என்று கத்திக்கொண்டே மூலைக்கட்டையை ஆட்டிப் பிடுங்கினாள். பதினான்கு பேரும் பாய்ந்தோம். கட்டைகளைக் கன்னியம்மா காட்டிய வளைவுகளில் குறுக்கே போட்டோம். கீற்றை மேலே பரப்பிக் கல் வைத்தோம். உடைந்த சிமென்ட் பைப்புகளை உருட்டிவிட்டோம். அதிகாரியின் டிரைவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். முந்தின நாள் கரைக்கு அந்தப் பக்கம் கொட்டிய பாறைக்கல்லைத் திரும்பத் தூக்கிவந்தோம்.

தண்ணீர் தயங்கியது. வளைவுகளில் சுழன்று நின்றது. அப்புறம்தான் கன்னியம்மா டிரம்மைச் சாய்க்க விட்டார். அதுவும் ஒரேயடியாக இல்லை, இரண்டு கையிலும் அள்ளி அள்ளி. விரால் கீற்றுக்கடியில் போய் மறைந்தது. கெளுத்தி பைப்புக்குள் புகுந்துகொண்டது. ஐந்து டிரம் நல்லபடியாக இறங்கியது. என் பக்கத்தில் இருந்த கெண்டை டிரம்மில் மட்டும் மீனெல்லாம் செத்து வெள்ளையாக மிதந்தன.

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "சொன்னதை எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியர் தாள் கொடுத்தார். நீங்களே எழுதுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "இல்லக்கா, உங்க கையெழுத்துல இருந்தாத்தான் நிக்கும்" என்றார். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அந்தத் தாள் பைலோடு போனது. மறுநாள் வீடுகளில் எரிக்காமல் மிச்சமிருந்த கட்டைகளை அதே ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தோம். "எத்துகினு போனதயே திரும்ப எத்துகினு வர்றீங்களே, இன்னாக்கா, லூசா நீங்க?" என்று ஆட்டோ டிரைவர் கேட்டார். ரேவதி அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. சூப்பர்வைசர் என் மேஸ்திரி வேலையை எடுத்துவிட்டார், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். செட்டை ஒன்றும் செய்யவில்லை. பங்குனியில் பேப்பரில் கையெழுத்தானது. பதினோரு குடும்பத்துக்கும் மனை கிடைத்தது.

நான் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் போன் வந்தது. "யக்கா, கன்னியம்மா பேசறேன். கரையில நாத்து நடணும், ஆளு பத்தல. வர்றியா?"

போனேன். முட்டி தேய்ந்து நிற்கும் வரைக்கும் அவரிடம்தான் வேலை செய்தேன். முதல் நாள் மத்தியானம், நிழல் இல்லாத அந்தக் கரையில், குடையை விரித்துவைத்து இரண்டு பேரும் சோறு தின்றோம். நான் கேட்டேன்.

"என் தடத்தப் பாத்துட்டதான? அப்பவே பெரிய ஐயாவாண்ட சொல்லியிருக்கலாமே?"

அவர் கருவாட்டைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "நா சொன்னா இன்னா ஆவும்? மாட்டிகினதும் அடுத்தவங்க மேல பழி போடறா பாரும்பாங்க. எங்காளுங்க சொன்னத எந்த ஆபீசரு நம்பியிருக்கான், யக்கா? நீ சொன்னா நம்புவாங்க. அதான் உன்னப் பாத்தேன்."

நான் கருவாட்டைச் சோற்றோடு பிசைந்தேன்.

"சொல்லிட்ட. அது சரி" என்றார். "ஆனா இன்னாத்துக்கு அவ்ளோ நேரம்?"

"பயம்."

"ஒரு டிரம்மு கெண்ட, யக்கா."

அவர் குரலில் கோபமே இல்லை. தண்ணீர் குடித்தார், கையை உதறினார், கரையில் இறங்கினார். நானும் எழுந்து பின்னால் போனேன்.

இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஓடைக்குள் ஒரு கட்டை கிடந்தால் யார் போட்டது, எதற்கு என்று கேட்டுவிட்டுத் தூக்குங்கள். கேட்காமல் தூக்கிவிட்டீர்கள் என்றால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன்தான். ஆனால் அந்த டிரம்மைக் கவிழ்த்து, செத்த கெண்டைகளைக் குழிவெட்டிப் புதைத்ததும் நான்தான். அந்த இடத்தைக் கேட்டால் கன்னியம்மா காட்டுவார். பாலத்துக்கு இந்தப் பக்கம், மூன்றாவது வளைவு.